அடலீன் பிரிவில் கடைசி ஜீப்

மாலை நாலரை மணி. ஏப்ரல் கடைசி. அடலீனிலிருந்து மேற்கே இறங்கும் மண்பாதை. பதினெட்டு மைலுக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு மின்கம்பம் கிடையாது. அதில் ஐந்து ஜீப்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

நெருப்புக்குக் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். காற்று திரும்பிவிட்டது. இனிமேல் குளிரும்.

உங்களைக் கூட்டிவந்த வழிகாட்டிப் பையன் ஏன் நாளைக்கு அடலீன் பக்கம் போகமாட்டேன் என்கிறான் என்று கேட்டீர்கள். அவன் சிரித்து மழுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். நான் சொல்கிறேன். இந்த நெவாடா பாலைவனத்தில் மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்து வருவது என் தொழில். இன்றைக்கு உங்கள் வண்டி. அன்றைக்குக் கர்ட்டின் வண்டி.

கர்ட் என் நண்பன் வெர்னுடைய தங்கை புருஷன். வெர்ன்தான் அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக்கு ஒரே வழிகாட்டி. செத்துப்போன சுரங்க ஊர்களைக் காட்ட ஆட்களைக் கூட்டிப்போவான். மூன்று நாள் பயணம். முன்னால் வெர்ன், நடுவில் விருந்தாளிகள், கடைசி ஜீப்பில் கர்ட்.

கர்ட் முன்பு லாரி ஓட்டியவன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. சாலையோரம் யார் கைகாட்டினாலும் நிறுத்திவிடுவான். வீட்டுக்கு ஒருநாளும் நேரத்துக்குப் போனதில்லை. "நெவாடால எவன் டயர் பஞ்சரானாலும் எம்புருஷன் கையிலதான் கிரீஸு" என்று அவன் மனைவி டார்லீன் திட்டுவாள். திட்டிக்கொண்டே சாப்பாட்டைச் சூடுபண்ணி வைப்பாள்.

வெர்னுக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பயணத்திலும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்வான். பாதை பிரியும் இடத்தில், உங்களுக்குப் பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரிந்தால்தான் தாண்ட வேண்டும். தெரியாவிட்டால் நில்லுங்கள். அது வரும்வரை நில்லுங்கள். இதை எல்லோரும் செய்தால் யாரும் தொலைந்துபோக மாட்டார்கள். இருபது வருடத்தில் ஒருவரும் தொலைந்ததில்லை.

"எனக்கு அந்தக் கவலயே இல்ல. பின்னால யாரும் கிடையாது. உங்க எல்லாரோட புழுதியயும் தின்னுக்கிட்டு ராஜா மாதிரி வருவேன்" என்பான் கர்ட்.

அன்றைக்கு மதியம் அடலீனில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். ஊர் என்று பெயர்தான். சாய்ந்த சுவர்கள், துருப்பிடித்த தகர டப்பாக்கள், கூரை போன முப்பது வீடுகள். காற்றே இல்லை. ஆனாலும் எங்கோ ஒரு தகரம் தட்டிக்கொண்டிருந்தது... டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டக்.

விருந்தாளிகளில் மார்ஜி என்று ஓர் அம்மாள். ஓய்வுபெற்ற நர்ஸ். நாலாவது ஜீப் அவருடையது. அவர்தான் முதலில் கேட்டார்.

"யாரு ரொட்டி சுடறது?"

எல்லோருக்கும் அந்த வாசம் வந்தது. சுடச்சுட, அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி வாசம். அறுபது மைல் சுற்றளவில் அடுப்பே கிடையாது.

"உங்களுக்குப் பசி, வேறென்ன" என்று வெர்ன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

கர்ட் மட்டும் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். கதவு இல்லாத வாசல். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். மார்ஜி கிட்டே போனார்.

"யாருக்கு இவ்ளோ மரியாத?"

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "உள்ள யாரோ இருக்கற மாதிரி இருந்துச்சு. அடுத்தவங்க வீட்டுக்குள்ள தொப்பியோட எட்டிப் பாத்தா எங்கம்மா முதுகுல ரெண்டு வைப்பாங்க."

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். நாலரைக்கு ரேடியோவில் கர்ட்டின் குரல்.

"மச்சான், நாம எத்தன வண்டி?"

"அஞ்சு. உனக்கு அதுவரைக்கும் எண்ணத் தெரியாதா?"

"எனக்குப் பின்னால ஒண்ணு வருது."

"வேற யாராச்சும் இருக்கும். ஓரம் கட்டு. முந்திப் போகட்டும்."

கொஞ்சம் இரைச்சல். பிறகு...

"ஓரம் கட்டுனேன். அதுவும் நின்னுடுச்சு."

மார்ஜி தன் கண்ணாடியில் பார்த்தார். கர்ட்டின் ஜீப் தெரிந்தது. அதற்குப் பின்னால் கால் மைல் தள்ளி, புழுதி. வண்டிப் புழுதி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், இரண்டு பக்கமும் விரிந்து வரும். இது விரியவில்லை. புகைபோக்கியிலிருந்து எழும் புகைபோல ஒல்லியாக, நேராக நின்றது. அதன் அடியில் எதுவும் இல்லை.

அந்தப் பாதையில் ஒரே ஒரு பிரிவு. வலப்பக்கம் நெடுஞ்சாலை. இடப்பக்கம் வறண்ட ஏரி, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. முதல் மூன்று ஜீப்புகளும் வலப்பக்கம் திரும்பி மேடேறிப் போய்விட்டன. மார்ஜி விதிப்படி நின்றார். கர்ட் வந்தான். கண்ணாடியில் அவன் முகம் தெரியும் அளவுக்குக் கிட்டே வந்தான். நீங்கள் போங்கள் என்று கையசைத்தான். சிரித்துக்கொண்டேதான் அசைத்தான். அவர் போனார். அதன்பிறகு வந்த ஒவ்வொரு நாளும் அந்த அம்மாள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார், நான் ஏன் போனேன் என்று.

மேட்டுக்கு அந்தப் பக்கம் வெர்னின் ரேடியோ பேசியது.

"மச்சான், புழுதியக் காணோம். பிரிவுல நிக்கறேன்."

"எதுக்கு நிக்கற?"

"பின்னால வர்றவங்க தெரியணும்ல? நீதான சொல்லுவ."

"டேய், அது நம்ம வண்டி இல்ல. வெளயாடாம கிளம்பு."

"ஒரு பொம்பள பேசறாங்க. உனக்குக் கேக்கலயா?"

வெர்னுக்கு எதுவும் கேட்கவில்லை. மற்ற மூன்று வண்டிகளிலும் அதே அலைவரிசைதான். யாருக்கும் கேட்கவில்லை.

"என்ன சொல்றா?"

மைக் மட்டும் திறந்திருந்தது. எஞ்சின் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம். பிறகு கர்ட் பேசினான், மெதுவாக, இருட்டில் அழும் குழந்தையைத் தேற்றுவதுபோல. வெர்னிடம் அல்ல.

"இல்லம்மா... போகமாட்டேன். யாரையும் விட்டுட்டுப் போகமாட்டேன். இங்கதான இருக்கேன். மெதுவா வாங்க."

அவ்வளவுதான்.

வெர்ன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துசேர இருபது நிமிடம் ஆனது. பிரிவில் ஜீப் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. தொப்பி இருக்கையில் இருந்தது. பத்து கேலன் தண்ணீர், இரண்டு கேன்கள், மூடி திறக்காமல் பின்னால் அப்படியே இருந்தன.

மண்ணில் அவனுடைய பூட்ஸ் தடம். வந்த பாதையிலேயே திரும்பி நடந்திருந்தான். ஓடவில்லை. நிதானமான அடிகள். நாற்பது அடி இருக்கும். அப்புறம் தடம் இல்லை. பாறை இல்லை, புதர் இல்லை, வெறும் தரை. நாற்பத்தோராவது அடி மட்டும் இல்லை. வேறு வண்டித் தடமும் இல்லை. ஐந்து ஜீப்புகளின் தடம்தான்.

ஒன்பது நாள் தேடினார்கள். ஹெலிகாப்டர் வந்தது. குதிரைகள் வந்தன. நாய்களைக் கொண்டுவந்தார்கள். அவை பிரிவுவரை வந்தன, உட்கார்ந்துகொண்டன. இழுத்தால்கூட எழவில்லை. நானும் நடந்தேன், என் பூட்ஸுக்குள் ரத்தம் வரும்வரை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தேடலை நடத்திய ஷெரிஃப் வெர்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த நிலம் உனக்குத்தான் தெரியும், நீயே சொல் என்றார். நிறுத்திவிடுங்கள் என்றான் வெர்ன்.

டார்லீனிடமும் அவனேதான் போய்ச் சொன்னான்.

"தண்ணி இல்லாம ஒரு மனுஷன் நாலு நாள் தாங்குவான், டார்லீன். அதுக்கு மேல இல்ல."

"நீ நிறுத்தச் சொன்னியா, அவங்களா நிறுத்துனாங்களா?"

"நான்தான்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜூனில் ஒரு சவப்பெட்டிக்குள் கர்ட்டின் சட்டைகளை மடித்து வைத்துப் புதைத்தோம். தூக்குவதற்கு நாலு பேர் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நாலு பேர் தூக்கினோம்.

இனி சொல்வதை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை.

டிசம்பரில் ஒருநாள் வெர்ன் என் கொட்டகைக்கு வந்தான். பகல் பதினோரு மணி. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. குளிரில் எஞ்சின் எண்ணெய் கெட்டியாகிக்கிடந்த ஒரு வண்டிக்கு அடியில் நான் படுத்திருந்தேன். அவன் பூட்ஸ்தான் எனக்குத் தெரிந்தது.

"நேத்து பிரிவுக்குப் போனேன்" என்றான். "தனியாத்தான். ரேடியோவப் போட்டேன். சும்மாத்தான் போட்டேன்."

"ம்."

"பேசுனான்."

நான் வெளியே வந்தேன்.

"'மச்சான், இன்னும் கொஞ்சம் பேர் வரணும், வந்ததும் கிளம்பிடறேன்'னு சொன்னான். அவன் குரல்தான். சாதாரணமாப் பேசுனான்டா. கொஞ்சம் களச்ச மாதிரி. நான் கத்துனேன், எங்க இருக்கன்னு கேட்டேன். 'டார்லீன சாப்டச் சொல்லு, எனக்காகக் காத்திருக்க வேணாம்'னான். அப்புறம் இல்ல."

என்ன சொல்வது? கர்ட்டின் ரேடியோ அவன் ஜீப்பில் இருக்கிறது. அந்த ஜீப்பை இழுத்து வந்தவன் நான். அது என் கொட்டகையின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. பாட்டரியை நானே கழற்றி வேறு வண்டிக்குப் போட்டிருந்தேன்.

தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினேன். பாட்டரி இருந்த இடத்தில் வெறும் பள்ளம், இரண்டு கம்பிகள்.

"நீ ஏழு மாசமாத் தூங்கல, வெர்ன்" என்றேன். "தூங்காதவனுக்கு இப்படித்தான் கேக்கும். போய்ப் படு. டார்லீன்கிட்ட இதச் சொல்லித் தொலச்சிடாத. இப்பதான் கொஞ்சம் எழுந்து நடக்கறா."

அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையாட்டினான். நான் சொன்னதை நம்பினான். ஷெரிஃபிடம் போகவில்லை. டார்லீனிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தப் பிரிவுக்குப் போகவுமில்லை.

நான்தான் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்தான்.

மார்ச்சில் வறண்ட ஏரிக்கு நிலம் அளக்க இரண்டு பேர் வந்தார்கள். பிரிவிலிருந்து முப்பத்தோரு மைல் தெற்கே. உப்புத் தரையில் ஒருவன் மல்லாந்து படுத்திருப்பதைப் பார்த்தார்கள். தூங்குகிறான் என்று நினைத்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

டார்லீனையும் வெர்னையும் நான்தான் என் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிணவறை நடையில் மருந்து நெடி. டாக்டர் சின்ன வயசுக்காரர். கையில் வைத்திருந்த தாளைப் பார்க்காமலே பேசினார்.

"இறந்து ஒரு நாள்கூட ஆகல" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். நேற்று நள்ளிரவு. தாடி நெஞ்சுவரை வளர்ந்திருக்கிறது. பூட்ஸில் அடித்தோல் என்பதே இல்லை, மேல்தோல் மட்டும் கணுக்காலைச் சுற்றிக் கிடக்கிறது. பாதம் குதிரைக் குளம்புபோல இறுகியிருக்கிறது. நடந்துகொண்டே இருந்திருக்கிறார். பசியால் சாகவில்லை. தாகத்தாலும் சாகவில்லை. இதயம் களைத்து நின்றுவிட்டது.

டார்லீன் மெதுவாகத் தன் அண்ணனைப் பார்த்தாள்.

"அப்ப பத்தாவது நாள் உயிரோட இருந்தாரு."

வெர்ன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"கிறிஸ்மஸுக்கும் உயிரோடதான் இருந்தாரு" என்றாள்.

வெர்ன் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இவன்தான் என்னை ஷெரிஃபிடம் போகவிடாமல் செய்தான் என்று. சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தரையில் வெள்ளை ஓடுகள் பதித்திருந்தார்கள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடைக்குள் வெர்ன் ஜீப்புகளை விற்றுவிட்டு மழை பெய்யும் ஊர் ஒன்றுக்குப் போய்விட்டான். நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. அதெல்லாம் பிறகு.

டார்லீன் தனியாக உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. வெளியே நாங்கள் நின்றோம். அழுகை வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நேராக டாக்டரிடம் போனாள்.

"அவருக்கு யாரு தலவாரிவிட்டது?"

டாக்டர் விழித்தார். "நாங்க இன்னும் தொடவே இல்லம்மா. எப்படி வந்தாரோ அப்படியேதான் இருக்காரு."

"நடுவகிடு எடுத்திருக்கு" என்றாள். "ரெண்டு பக்கமும் சின்னதாப் பின்னல் போட்டு, நூல் கட்டியிருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்குக் கட்டற மாதிரி."

பிறகு என் பக்கம் திரும்பி, அவன் தலைமுடியைத் தொட்ட வலது கையை விரித்து என் கைமேல் வைத்தாள். மார்ச் மாதம். அந்த ஏரிக்கரையில் ஐந்து மாதமாக மழை இல்லை.

அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பான ஈரம்.