மூச்சை விட்டு எடுத்த அளவு

...தையல் பிரிஞ்சா டெய்லர் தப்புன்னு எந்த ஊர்ல சார் சட்டம்? சும்மா பழி போடறாங்க. கையைக் கொஞ்சம் மடக்குங்க. ஆங், இருபத்தி நாலரை. பதினெட்டு வருஷமா இந்த பிரேசர் டவுன்ல கோட்டு தைக்கிறேன். கல்யாண மாப்பிள்ளைக்குத் தச்சேன், பேங்க் மேனேஜருக்குத் தச்சேன், சவப்பெட்டியில படுக்க வைக்கிறதுக்குன்னு ஒருத்தருக்குக் கூடத் தச்சேன். அவரு இன்னிக்கு வரைக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட் சொன்னதில்ல.

இந்த ஆம்ப்ரோஸ் சார் கதை கேட்டிருப்பீங்க, சர்ச்சுல பாடற உங்க கொயர்தானே. ஓ, போன மாசம்தான் சேந்தீங்களா? அப்ப நானே சொல்றேன். மத்தவங்க கூட்டிச் சொல்லுவாங்க. திரும்புங்க.

கிறிஸ்மஸ் பூசையில தனியாப் பாடினாரு. நான் தச்ச கோட்டு. மொத வரி நல்லாத்தான் போச்சு. ரெண்டாவது வரி பாதியில மூச்சு தீந்து போய் நின்னுட்டாரு. ஆர்கன் மட்டும் போயிட்டிருக்கு. நெஞ்சுவலியோன்னு நாலு பேர் எழுந்துட்டாங்க. இவரு விடாம ஒரே இழுப்பா மூச்சை இழுத்தாரு பாருங்க, முதுகுத் தையல் கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் டர்ருனு போச்சு. பொத்தான் தெறிச்சு ஆர்கன் வாசிக்கிற சரளாம்மா மடியில விழுந்துச்சு. கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டிருந்த ஃபாதரு ஒரு கண்ணை மட்டும் தெறந்தாராம். இதுல என் தப்பு என்ன? பாடுறவரு வாயால பாடணும். முதுகால யாரு பாடச் சொன்னா?

நெஞ்சளவு. மூச்சை விடுங்க. முழுசா விட்டுட்டு அப்படியே நில்லுங்க, இழுக்காதீங்க. இது என் பழக்கம் சார். டேப்பைக் கண்டாலே ஆம்பளைங்க பயில்வான் ஆயிடறாங்க. தொப்பை உள்ள, நெஞ்சு மேல. அதை நம்பித் தச்சா வீட்டுக்குப் போனதும் தொளதொளன்னு தொங்கும். அதான் காத்தை வெளிய விட வச்சு எடுக்கிறது. ஆம்ப்ரோஸ் சாருக்கும் அப்படித்தான் எடுத்தேன்.

மறுநாளே அவரு சம்சாரம் ஆஞ்சலா மிஸ் வந்துட்டாங்க. ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கிறவங்க. கடைன்னும் பாக்காம எனக்குப் பாடம். இந்த மெஷினுக்கு எண்ணெய் போடற டப்பா இருக்கில்ல, காலியா கெடந்துச்சு, அதோட அடியை அமுக்கினாங்க. புஸ்ஸுனு காத்து வெளிய. விரலை எடுத்தாங்க, தகரம் டக்குனு பழையபடி ஆச்சு, காத்து உள்ள. யாரு இழுத்தான்னு கேக்கறாங்க. உள்ள எடம் பெருசாச்சாம், அழுத்தம் கொறஞ்சுதாம், வெளிக்காத்து தானா தள்ளிக்கிட்டு வருதாம். நெஞ்சும் அப்படித்தானாம். விலா எலும்புக்கு நடுவுல இருக்கிற தசை எலும்பைத் தூக்கி விரிக்குமாம். அடியில உதரவிதானம்னு ஒண்ணு, குடை மாதிரி வளைஞ்சது, அது தட்டையாகிக் கீழ எறங்குமாம். அதுக்கு வழி விட்டுத்தான் வயிறு முன்னால வருமாம். எடம் இருந்தாதான் காத்து வரும், அந்த எடத்தை நீங்க தச்சு மூடிட்டீங்கன்னாங்க.

நான் விடுவேனா? சவப்பெட்டிக்காரரு வீட்டுல இன்னும் என் கோட்டைப் புகழ்றாங்க மிஸ்னேன். அதுக்கு அவங்க சொன்னதுதான் இன்னும் உறுத்துது. "உங்க அளவு அவர் ஒருத்தருக்குத்தான் சரியா இருக்கும், மாஸ்டர்."

போவட்டும். ஈஸ்டருக்குக் கொயர் ஆம்பளைங்க பன்னெண்டு பேருக்கும் கோட்டு. துணி விஷயம் எல்லாம் மிஸ் கையில. மொத கோட்டு உங்களுது. போட்டுப் பாட வச்சுப் பாப்பாங்களாம். சரியா வந்தா மீதி பதினொண்ணும் எனக்கு, இல்லன்னா கமர்சியல் ஸ்ட்ரீட்டுல ரெடிமேட். அதனால டென்சில் சார், இதுல ஒரு நூல் கூடத் தப்பக் கூடாது. முப்பத்தாறு. எழுதிட்டேன். டேப்பு இருக்கட்டும், இன்னொரு தடவை பாத்துடறேன். கல்லு மாதிரி நிக்கிறீங்க, நல்லது. ஆம்ப்ரோஸ் சாரும் இப்படித்தான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் வாயே தெறக்கல...

என்ன சார், காதெல்லாம் செவக்குது? உடம்புக்கு ஏதாவது... சார். நீங்க இன்னும் மூச்சு இழுக்கலையா? நான் விடச் சொல்லி எவ்வளவு நேரமாச்சு? இழுங்க சார், இழுங்க.

டேப்பு கையை விட்டு ஓடுதே. எங்க நிக்குது... முப்பத்தொம்பது.

அந்த நோட்டை இப்படித் தள்ளுங்க. முப்பத்தாறை அடிச்சிடறேன். மிஸ்கிட்ட சொல்லிடாதீங்க.

இப்ப நல்லா மூச்சை இழுத்து ஒரு வரி பாடுங்க சார். நான் பேசல.