முகத்துவாரம் வெட்டிய எங்கள் மாணவர்

வயலும் வரம்புமே வாழ்வெனக் கொண்ட விழாத் தலைவர் மீராசாஹிபு அவர்களே! எங்கள் பாடசாலையின் மதிப்புக்குரிய அதிபர் அவர்களே! பள்ளிவாசலிலிருந்தும் கோயிலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பந்தலின் இடப்புறத்தைப் பூந்தோட்டமாக்கியிருக்கும் தாய்மார்களே! நாளை எங்களைப் பிரிந்து போகவிருக்கும் என் இறுதி வகுப்புச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் இமக்குலேற் ரீச்சரின் கனிந்த வணக்கம், அன்பான சலாம்.

பிரிவுபசாரம் என்றால் புத்திமதி சொல்ல வேண்டுமாம். நான் சொல்லப்போவதில்லை. சென்ற மாரியில் நடந்ததைச் சொல்லப்போகிறேன்.

மாணவர் மன்றத்தை என் பொறுப்பில் தந்தபோது தலைவனாக வந்தவன் காலிதீன், நம் தலைவருடைய மகன். செயலாளனாக வந்தவன் கதிர்காமன், கடலோரக் களப்பு நீரிலே வலை வீசும் சீனித்தம்பி அண்ணருடைய மகன். இருவரும் மேடை ஏறினால் மேசை அதிரும். உழவின் உயர்வை ஒருவன் முழங்குவான். கடலின் கொடையை மற்றவன் முழங்குவான். ஆனால் காலிதீன் தோணியில் கால் வைத்ததில்லை. கதிர்காமன் வரம்பில் நடந்ததில்லை. அறியாத வாழ்வைப் பற்றி அழகாகப் பேசுவதா தலைமை? கைதட்டல் வாங்குவதா கல்வி?

ஆகவே இருவரையும் இடம் மாற்றினேன். விடுமுறை நாளெல்லாம் காலிதீன் சீனித்தம்பி அண்ணருடைய தோணிக்குப் போனான். கதிர்காமன் மீராசாஹிபு அவர்களுடைய வயலுக்குப் போனான். வலை இழுத்து ஒருவனுக்குக் கை கிழிந்தது. விதைப்பு வேலையில் மற்றவனுக்கு முதுகு முறிந்தது. காலிதீனுடைய உம்மா, ஆயிஷா உம்மா, என் வீட்டுக்கே வந்துவிட்டார். “படிக்க அனுப்பின புள்ள மீன்வாடையோட வாறான் ரீச்சர், இதுவும் சோதனையில வருமா?” என்று கேட்டார். வரும் உம்மா என்றேன். சிரிக்கிறீர்கள். வந்தது, தாய்மார்களே! அந்தச் சோதனை வந்தது!

மார்கழியில் மழை பிடித்தது. சாகாமம் பக்கத்து வெள்ளமெல்லாம் களப்பில் இறங்கி, களப்பு நிறைந்து, வயலுக்குள் ஏறியது. கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடந்த மணல்திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தால் வயல் பிழைக்கும். ஆனால் வெள்ளத்தோடு மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும். மண்வெட்டிகளோடு உழவர் வந்தார்கள். திட்டின்மேல் மீனவர் வரிசையாக நின்று மறித்தார்கள். வார்த்தை தடித்தது.

மாணவர்கள் வகுப்புக்கு ஓடிவந்தார்கள். நான் வந்து கதைக்க வேண்டும் என்றார்கள். வருகிறேன், ஆனால் கதைக்கமாட்டேன் என்றேன். அவர்களோடு திட்டுக்கு நடந்தேன். ஒரு மண்வெட்டி ஓங்கினால் போதும், தலைமுறைக்கும் ஆறாத காயமாகிவிடுமே!

காலிதீன் யாருக்காகப் பேசினான் தெரியுமா? தன் தகப்பன் முன்னே போய் நின்றான்.

“வாப்பா, இப்பவே வெட்டினா மீன் எல்லாம் போயிரும். மாரி முழுக்க இவங்கட அடுப்பு எரியாது. நான் அந்தத் தோணியில இருந்து பாத்த நான்.”

கதிர்காமன் மறுபக்கம் திரும்பித் தன் தகப்பனிடம் சொன்னான்:

“அப்பா, அந்தப் பயிர் தலைமூழ்கி நிக்குது. நானும் சேந்து விதைச்ச வயல். அது அழுகினா இவங்க வருசம் முழுக்க என்னத்தச் சாப்பிடுற?”

பிறகு இருவரும் கூடி ஒரு வழி சொன்னார்கள். அன்று பொழுதுபடும்வரை உழவரும் மீனவரும் ஒன்றாக வலை இழுப்பது. பொழுதுபட்டதும் இரு சாராருமாகவே திட்டை வெட்டுவது. முதலில் மண்வெட்டியை மணலில் போட்டுவிட்டு வலைக்கயிற்றைப் பிடித்தவர், இதோ, இந்தத் தலைமை நாற்காலியில் தலைகுனிந்து வீற்றிருக்கிறாரே, இவர்தான்!

“ரீச்சர், நீங்க என்ன செய்தீங்க?” என்று அங்கே யாரோ கேட்கிறீர்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன் ஐயா. என் ஆசிரியத் தொழிலில் அதைவிடக் கடினமான வேலையை நான் செய்ததில்லை.

மாலையில் முகத்துவாரம் திறந்தது. வெள்ளம் விழுந்த ஓசையைவிட மக்கள் எழுப்பிய ஓசை பெரிது. மீனவர் வீடுகளில் கருவாடு காய்ந்தது. வயல்கள் நிமிர்ந்தன. எல்லா வயலுமா? இல்லை. அந்த அரைநாள் தாமதத்தில் நம் தலைவருடைய பள்ளக்காணிப் பயிர் அழுகிப்போனது. முகத்தில் விழிக்கவே அஞ்சியபடி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“ஓம் ரீச்சர், மகன்ட கதையைக் கேட்டு ஒரு வயல் போச்சு. போகட்டும். மகன் ஆளாகிட்டான்.”

என் செல்வங்களே! தன் கூட்டத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துவது எளிது. தன் கூட்டத்தின் முகத்துக்கு நேரே நின்று அடுத்தவன் பசியைச் சொல்வதே அரிது. அதைப் புத்தகம் தராது, புழுதி தரும். கரும்பலகை தராது, கை காய்த்த காய்ப்பு தரும். போகிற ஊரில் பதவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எதிரே நிற்பவனுடைய தோணியில் ஒருநாள் ஏறுங்கள். அவனுடைய வயலில் ஒருநாள் இறங்குங்கள். பிறகு பேசுங்கள். உங்களுக்கும் ஏதாவது ஒன்று அழுகிப்போகலாம். அஞ்சாதீர்கள். உங்களை நம்பி ஓர் ஊர் நிமிரும்!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், பிள்ளைகளை நம்பி என்னிடம் விட்ட தாய்மாருக்கும் என் நன்றி. சென்று வாருங்கள் செல்வங்களே. ஆண்டவன் உங்களைக் காக்கட்டும். வணக்கம்.