நாப்பத்திரெண்டாம் நம்பர் பேசுது

வெயில்ல நிக்காதம்மா, இப்பிடி வேப்பமரத்தடிக்கு வா. அஞ்சு நாளா எக்ஸ்சேஞ்சு வாசல்ல நிக்கற. நானும் பாத்தும் பாக்காத மாதிரி உள்ள பூந்துடறேன். இன்னிக்கு என்னால முடியல. ஆமா, நான்தான் அமிர்தவல்லி. டெலிபோனை எடுத்தா நம்பர் கேக்கறது நான்தான். நீ ராஜாங்கம் சம்சாரந்தானே? பேரு இன்னா, வசந்தாவா? உக்காரும்மா. ஏதாவது சாப்ட்டியா? சரி, சரி, கேக்கல.

உன் வூட்டுக்காரரு முதலாளிகிட்ட டாக்டர் வூடுன்னு ஏன் சொன்னன்னு கேக்கற. கேளு. எனக்கு அர மணி நேரந்தான் டைம் குடுத்திருக்காங்க, அதுக்குள்ள சொல்லிடறேன்.

என் முன்னால பெரிய பலகை இருக்கும்மா. ஊர்ல யாரு டெலிபோனை எடுத்தாலும் அவங்க நம்பருக்கு நேரா சின்ன மூடி ஒண்ணு டக்குனு வுழும். ஒயரை சொருகி, யாரு வேணும்னு கேட்டு, அங்க மாத்தி வுடணும். அவ்ளோதான் என் வேல. யாரு பேசறாங்கன்னு நான் சொல்லக் கூடாது. பிரெஞ்சுக்காரன் இருந்தப்பவும் அதான் சட்டம், அவன் போயி நாலு வருசமாச்சி, இப்பவும் அதான்.

உன் வூட்டுக்காரரு வேல செய்யற ஜவுளிக்கடைக்கு போன வருசம் எவனோ கல்யாண வூட்டு ஆளுன்னு போன் பண்ணி வேட்டிக்கட்டு ரெண்டு வாங்கினு போய்ட்டான் இல்ல? அதுலேர்ந்து முதலாளி சக்கரபாணிக்கு எந்தப் போன் மேலயும் நம்பிக்கை இல்ல. யாரு கூப்ட்டாலும் கேள்வி. எந்தத் தெரு, வூட்டுல எத்தினி பேரு, கடைசியா இன்னா பொடவை எடுத்தீங்க. ஒருநா டாக்டர் சம்சாரம், அதான் அந்த மதாம், கூப்ட்டாங்க. அவங்களயும் அதே கேள்வி. இருவது வருசமா உன் கடையில துணி எடுக்கறேன், என்னைத் திருடின்னு நெனச்சியான்னு படார்னு வெச்சிட்டாங்க. எனக்கே காது அடைச்சிப் போச்சி. அப்பறம் அஞ்சு மாசம் அந்த மூடி வுழும், ஆனா கேக்கறது வேற கடை நம்பரு.

அப்பதான் சக்கரபாணி இங்க வந்து நின்னாரு. இதோ, நீ உக்காந்துக்கினு இருக்கற எடத்துலதான். அமிர்தவல்லி, கேள்வி கேட்டா கோச்சிக்கறாங்க, கேக்கலன்னா ஏமாத்தறாங்க, மாத்தி வுடறதுக்கு முன்னால யாருன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மான்னாரு. எனக்குப் பாவமாப் போச்சி. சொல்ல ஆரம்பிச்சேன். நான் டாக்டர் வூடும்பேன், அவரு எடுத்தவுடனே பொன்ஜூர் மதாம்னு வணக்கம் வெப்பாரு. அந்தம்மா திரும்பி வந்தாங்க. எல்லாரும் வந்தாங்க. அப்பறம் மருந்துக்கடைக்காரரு கேட்டாரு, மரவாடிக்காரரு கேட்டாரு. எனக்குப் பெருமையா இருந்திச்சிம்மா, பொய் சொல்லக் கூடாது. நான் சொன்னா இந்த ஊரே நம்புதுன்னு.

போன செவ்வாக்கெழமை மத்தியானம் மூணு மணி. நாப்பத்திரெண்டு வுழுந்திச்சி. டாக்டர் வூடு. ஆம்பளக் கொரலு, ஜவுளிக்கடை குடுன்னுது. நான் சக்கரபாணிகிட்ட டாக்டர் வூடுன்னேன். மாத்தி வுட்டேன். பதினெட்டு பட்டுப்பொடவை குடுத்தனுப்பு, மதாம் பொறுக்கிட்டு மிச்சத்த அனுப்புவாங்கன்னு அந்தக் கொரலு சொல்லிச்சி. அவரு ஒரு கேள்வி கேக்கல. ஏன் கேக்கப் போறாரு, நான் சொல்லிட்டேனே. ராஜாங்கம் மூட்டைய சைக்கிள்ல வெச்சிக்கினு போனாரு. கேட்டுல காவக்காரன் கையில குடுத்தாரு. அதானே அவரு சொல்றாரு? ம்.

மதாம் காரைக்கால்லேர்ந்து வந்து, நாங்க யாருமே ஊர்ல இல்லியே, எந்தப் பொடவைன்னாங்க. பாவாடைன்ற அந்தக் காவக்காரன், நான் டீ குடிக்கப் போயிருந்தேன், ஒருத்தரும் வரலன்னுட்டான். அப்ப மூட்டைய யாரு எடுத்தா? உன் வூட்டுக்காரரும் அவரு கூட்டாளியும். கூட்டாளி உள்ள பூந்து போன் பண்ணான்னு போலீசு முடிவு கட்டி, அவரைப் புடிச்சி உள்ள வெச்சிடுச்சி.

என்னையும் கேட்டாங்கம்மா. போன் அந்த நம்பர்லேர்ந்து வந்திச்சான்னாங்க, வந்திச்சின்னேன். பேசினது யாரு? ஆம்பள. தெரிஞ்ச கொரலா?

தெரியாதுன்னேன். கையெழுத்தும் போட்டேன்.

அழாத. இரு, முழுசும் கேளு. அப்பறம் என்னை அடிக்கணும்னா அடி.

தெரியும்மா. மொதல் வார்த்தயிலயே தெரியும். காவக்காரன் பேசறான்னு சொல்லியிருந்தா சக்கரபாணி ரெண்டு கேள்வி கேட்டிருப்பாரு. மதாம்தான் பேசச் சொன்னாங்களோ இன்னாவோன்னு நானா மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கினு, நம்பரை மட்டும் சொன்னேன்.

நேத்து ஸ்டேசனுக்குப் போனேன். அது பாவாடை கொரலுதான், ராஜாங்கத்த வுட்டுடுங்கன்னேன். இன்ஸ்பெக்டரு கையெழுத்துப் போட்ட காயிதத்த எடுத்துக் காட்டறாரு. அன்னிக்குத் தெரியாது, இன்னிக்குத் தெரியுமா, கொரலைக் கோர்ட்டுல எப்பிடிக் காட்டுவ, அவன் மேல உனக்கு இன்னா கோவம்னு சிரிக்கறாரு. சக்கரபாணிகிட்ட போனேன். கடை வாசப்படி ஏறவே வுடல. உன் பேச்ச நம்பினதுதாம்மா நான் பண்ண தப்புன்னாரு. அவனைப் புடிச்சிக் கேக்கலாம்னா சனிக்கெழமையிலேர்ந்து ஆளே இல்ல. மூட்டையும் இல்ல. எங்கன்னு தேடுவேன், நீயே சொல்லு.

இன்னா கேக்கற? டாக்டர் வூட்டுக் காவக்காரன் கொரலு உனக்கு எப்பிடித் தெரியும்னா?

பதினாறு வருசமா அவனுக்குச் சோறு ஆக்கிப் போடறேம்மா.