உறுவையாற்றுக் குட்டையாட்டின் இடது காது

ஆடு கண்டதையும் தின்னும் என்பது தலைமுறை தலைமுறையாக நிலவிவரும் பெரும்பிழை. ஆடு முகர்ந்து பார்த்து, சற்று யோசித்து, ஊரிலேயே ஆக நல்லதைத்தான் தின்னும். உறுவையாற்றில் ஆக நல்லது பவுனம்மாளின் கத்தரித் தோட்டம்.

"நாயமா முசியே இது? நீங்களே சொல்லுங்க..." என்றாள் பவுனம்மாள்.

முசியே சூசைநாதன் அடுத்த ஆட்டை அளந்துகொண்டிருந்தார். வாயில் பென்சில், கையில் அளவு நாடா. அருகிவரும் குட்டையாட்டை அளந்து எழுத பிரெஞ்சு சர்க்கார் புதுச்சேரியிலிருந்து அனுப்பிய கால்நடை அதிகாரி என்பதால் ஊருக்கு அவர் ஐயா அல்ல, முசியே. இனம் கெடாமலிருக்க ஊருக்கு ஒரு கிடாவை இனவிருத்திக்கு நிறுத்திவிட்டு, மற்றவற்றுக்குக் காயடிக்க உத்தரவு. பவுனம்மாளின் கிடாவான மன்னாரு, காயடிப்பதற்கென்று ஒதுக்கிய வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

காலையிலிருந்து அவள் ஓயவில்லை. கால் குட்டை, வயிறு வெள்ளை, கொம்பு பின்வளைவு, எல்லாம் மன்னாருக்குப் பொருந்தியதாம். நடுவில் தன் புருஷனின் குறட்டை, நாத்தனார் கனகாம்பாளின் வாய்த்துடுக்கு என்று ஒரு சுற்றுப் போய்விட்டு மறுபடி ஆட்டுக்கே வந்தாள். ஊர் ஆடுகளுக்கெல்லாம் இடது காது நுனி பிளந்திருக்கிறது, மன்னாருக்கு இல்லை, ஆகவே மன்னாரு கலப்பு. இதுதான் சர்க்கார் தீர்ப்பு. நிறுத்தப்போவது ஆரோக்கியம் என்பவனின் கிடாவை.

"அது கடலூர் சந்தையில வாங்குனது முசியே! கால பாருங்க, பனமரமாட்டம். பொறப்புலயே காது பொளந்துச்சின்னு அவன் சொன்னா நீங்களும் எழுதிக்கிறதா? இந்தக் கையால கீறுனது அது. எந்த ஆடு எங்கொல்லையில பூந்தாலும் புடிச்சி, காத கொஞ்சூண்டு கீறி வுட்டுருவேன். மறுக்கா வந்தா அடையாளம் தெரியணுமில்ல? இன்னா, ஊர்ல ஒரு ஆடு பாக்கியில்ல..."

அங்கே அவளாகவே நிறுத்தினாள்.

வரிசையில் நின்ற ஆரோக்கியம் தன் கிடாவின் காதைத் தடவினான். மற்றவர்கள் மேகத்தைப் பார்த்தார்கள். காதைப் பற்றி அதிகாரி விசாரித்தபோது எல்லாரும் ஒரே குரலில் பிறப்பு என்றுதான் சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், யார் தோட்டத்தில் மேய்ந்தபோது கீறுபட்டது என்பதையும் சொல்லவேண்டியிருக்கும்.

சூசைநாதன் வாயிலிருந்து பென்சிலை எடுத்தார். காதைப் பற்றிய வரியை அடித்தார். மன்னாரை அவிழ்த்து, நிறுத்தப்போகும் கிடாவுக்கென்று ஒதுக்கிய எதிர்மரத்தில் கட்டினார்.

அடுத்த வாரமே ஊர்ப் பெட்டையாடுகள் எல்லாம் மன்னாரைத் தேடி வரத் தொடங்கின. அதன் கொட்டகைக்குக் கத்தரித் தோட்டம் வழியாகத்தான் போகவேண்டும்.