குறிஞ்சிப்பிட்டியின் விரியாத குழாய்கள்

காற்று இன்றைக்குக் கொஞ்சம் குறைவு, டாக்டர். ஜன்னலைத் திறந்தே வைக்கிறேன். திங்கட்கிழமைதோறும் இரத்தக் குழாய் பார்க்கும் இந்த இயந்திரத்தைச் சரிபார்க்க முதலில் உங்கள் கையைத்தானே பார்க்கிறோம். கையில் பட்டியை இறுக்கிவிட்டேன். இனி ஐந்து நிமிடம் நீங்கள் பேசவும் கூடாது, அசையவும் கூடாது. அந்த விதியை எனக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான்.

பட்டியைத் தளர்த்தியதும் இரத்தம் பாயும், நல்ல குழாய் விரிந்து கொடுக்கும், கெட்டுப்போனது மரக்கட்டை மாதிரிக் கிடக்கும் என்று முதல் நாளே சொன்னீர்கள். ஆளுக்கு மனம் கொதித்தால் நல்ல குழாயும் விரியாது, அதனால் அறைக்குள் ஒரு கதையும் வேண்டாம் என்றும் சொன்னீர்கள். அது எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல வரவில்லை.

நான் எலுவன்குளத்துக்காரன். கலியாணம் முடித்து இங்கே குறிஞ்சிப்பிட்டிக்கு, பெண் வீட்டுக்கு வந்து ஆறு வருடம். என் மனைவி நஸ்லியா, அவளுடைய மூன்று தங்கச்சிமார், மாமி ஆசியா உம்மா, ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆறு வருடத்தில் நான் தொடங்கிய ஒரு வசனமும் முடிந்ததில்லை. “நான் என்ன சொல்ற எண்டா” என்று வாயெடுப்பேன். “சும்மா இரிங்க மருமகன், ஒங்களுக்கு ஒண்டும் வெளங்காது” என்பார் மாமி.

போன மாதம் உங்கள் ஆய்வுக்காக மாமி இதே கட்டிலில் படுத்தார். பட்டியை இறுக்கினேன். அவர் இருக்கும் இடத்தில் அமைதியை அன்றுதான் கேட்டேன், டாக்டர். கண் கலங்கிவிட்டது. “மாமி, நான் என்ன சொல்ற எண்டா” என்று தொடங்கினேன். முடித்தும் விட்டேன். “பெருநாளைக்கி எனக்கு உடுக்க எடுத்த சாரத்த ஒங்கட தம்பிக்கித் தூக்கிக் குடுத்தீங்க. ஆறு வருஷமா மீன் தலய மட்டும் எனக்கு வெக்கிறீங்க.” பேசினால் நரம்பு வெடிக்கும் என்றும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அது மட்டும் என் சொந்தச் சேர்க்கை. பட்டி தளர்ந்தபோது மாமியின் குழாய் ஒரு மயிரளவும் விரியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மற்றவர்களும் வரிசையாக வந்து படுத்தார்கள். கரைவலை முதலாளி, சம்மாட்டி சாஹுல் ஹமீதின் பகிடிகளுக்கு யாரும் மனதாரச் சிரிப்பதில்லை என்று அவரிடமே சொன்னேன். நெய்னார் மாஸ்டர் தலைக்கு மை பூசுவது மதுரங்குளி வரைக்கும் தெரியும் என்றேன். இப்படி அறுபத்து மூன்று பேர். நான் சொன்னதில் பொய்யென்று ஒன்றுமில்லை.

இந்தக் கரையிலேயே மிகக் கெட்ட குழாய்கள் குறிஞ்சிப்பிட்டியில் என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். கருவாட்டு உப்பைக் காரணமாக எழுதினீர்கள். மாமிக்குத்தான் முதலில் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தீர்கள், அங்கே மூன்று மருந்துக் குளிசை கொடுத்தார்கள். கருவாடு இல்லாமல் சோற்றைப் பார்த்து அழுகிறார். குளிசை போட்டால் தலை சுற்றுகிறது, பகல் முழுக்கப் படுத்தே கிடக்கிறார். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்றுச் சாப்பாட்டில் நான் நாலு வசனம் முடித்தேன்.

இன்று பின்னேரம் உங்கள் அறிக்கை கொழும்புக்குப் போகிறது, அடுத்த கிழமை மற்ற அறுபத்திரண்டு பேருக்கும் குளிசை என்கிறார்கள். அதனால்தான் சொல்லிவிட நினைத்தேன். குறுக்கே பேசாமல் கேட்கக்கூடிய ஒருவர் எனக்கு வேண்டியிருந்தது. மற்றக் கையால் பட்டியைத் தொடாதீர்கள், டாக்டர், அளவு கெட்டுவிடும்.

என் குற்றத்தை நான் மறைக்கவில்லை. அறைக்குள் பேசினேன், வேண்டுமென்றே பேசினேன். ஆனால் ஓர் எண்ணைக்கூட நான் மாற்றி எழுதவில்லை. என் பேச்சால் ஒருவருடைய குழாய் கெட்டிருக்கும் என்று இப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்படி மெதுவாகத்தான் அவர்களிடமும் பேசினேன்.

ஐந்து நிமிடம் முடிந்தது. பட்டியைத் தளர்த்துகிறேன். ஒவ்வொரு திங்களும் உங்களுக்கு நூற்றுக்கு ஏழு விரியும். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. இதையும் உள்ளபடியே எழுதிக்கொள்கிறேன்.

முகமெல்லாம் சிவந்திருக்கிறது, டாக்டர். நேற்று எங்கேயோ நன்றாகக் கருவாடு சாப்பிட்டிருக்கிறீர்கள்.