கடைசித் தாள்

திருச்செந்தூர் பேருந்தில் என் முன்சீட்டுக்காரர், பக்கத்திலிருந்த பெரியவரிடம் உரக்கச் சொன்னார்: "முப்பத்தஞ்சு வருசமாக் கொலைகாரன் யாருன்னு தெரியல அண்ணாச்சி. இன்னைக்கு மாட்டுவான்."

எனக்கு வியர்த்துவிட்டது. நான் யாரையும் கொன்றதில்லை. இருந்தாலும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவர் மடியிலிருந்த பார்சலைப் பிரித்தார். உள்ளே கெட்டி அட்டை போட்ட காமிக்ஸ் புத்தகம். எனக்கு மூச்சு வந்தது.

"அந்தக் காலத்துல இதே கதையை வாடகைக்குக் குடுக்கிற கடைக்காரரு கடைசித் தாளைக் கிழிச்சு வச்சிக்கிடுவாரு. புத்தகத்தைத் திருப்பிக் குடுத்தாத்தான் முடிவை அங்கன நின்னு படிக்கலாம்."

"நீரு குடுக்கலையாக்கும்?"

"படம் நல்லாருந்துச்சேன்னு அமுக்கிட்டேன்."

"உமக்கு வேணும்வே!"

"அது சாணித்தாளு, கறுப்பு வெள்ளை, பெட்டிக்கடையில தொங்கும். இப்பம் பாருங்க, வழவழன்னு கலரு! கடையில கெடைக்காது, முன்பதிவு பண்ணவனுக்கு மட்டுந்தான்."

"பேச்சை விட்டுட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டும்!"

புரட்டியவர் சத்தமாகவே வாசித்தார்: "முடிவு இரண்டாம் பாகத்தில். முன்பதிவுக்கு அழைக்கவும்."

அண்ணாச்சி குலுங்கிச் சிரித்தார். "கடைக்காரராச்சும் கையால கிழிச்சாரு. இவனுவ அச்சடிக்கும்போதே கிழிச்சிட்டானுவளே!"

இவரோ அதற்குள் போனை எடுத்துவிட்டார். "நம்பரை வாசிங்க அண்ணாச்சி, சீக்கிரம்!"

"வாசிக்கேன். ஆனா ரெண்டு புத்தகமாச் சொல்லும். எனக்கும் அவன் யாருன்னு தெரிஞ்சாவணும்."

அண்ணாச்சி நம்பரை வாசிக்க வாசிக்க, நான் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நான் இறங்க வேண்டிய ஆத்தூர் எப்போதோ போய்விட்டிருந்தது.