ஞானசவுந்தரியின் மெஷினுக்குச் சரியான பெல்ற்

வெள்ளை உடுப்புக்கு நீலம் போடும்போது தண்ணீர் கலங்கலாக இருக்கக்கூடாது, ஐயா. உங்கள் சட்டைக் கழுத்தில் நீலம் திட்டுத்திட்டாக நிற்கிறது. குறையாகச் சொல்லவில்லை. உடுப்புத் தோய்க்கிற விடயத்தில் நாலு வருடம் மண்டையை உடைத்தவன் நான், கண் தானாக அங்கே போய்விடுகிறது.

வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சில்வெஸ்ரர். வயது ஐம்பத்திரண்டு. ஊர் நெடுந்தீவு. தொழில் மெக்கானிக் என்று போடுங்கள். இளவயதில் மூன்று வருடம், தீவுக்கு ஆள் ஏற்றுகிற லோஞ்சில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டவன். என் மனைவி ஞானசவுந்தரியைக் கேட்டால் வேறு ஏதாவது சொல்லுவாள். அதை எழுதத் தேவையில்லை.

மெஷினை அனுப்பியவன் அவளுடைய தம்பி பிலிப்பு. கப்பலில் வேலை. அக்காவின் கை சவுக்காரத்தில் வெடித்துப்போகிறதே என்று, ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் கண்டு வாங்கியிருக்கிறான். உடுப்புத் தோய்க்கிற மெஷின், ஆனால் பெற்றோலில் ஓடுவது. எங்கள் தீவில் மின்சாரம் இல்லை என்பதை மறக்காமல் வாங்கிய கெட்டிக்காரன். காலால் ஓர் உதை உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். முதல் நாள் அது போட்ட சத்தத்தில், லோஞ்ச் வந்துவிட்டதென்று நாலு பேர் பெட்டி படுக்கையோடு துறைக்கு ஓடினார்கள்.

ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பழுதாகிவிட்டது. எப்படிப் பழுதானது என்று கேட்பீர்கள். நான் கழற்றினேன். நன்றாக ஓடும்போதே உள்ளே பார்த்து வைத்தால்தானே, பழுதானால் திருத்தலாம். திரும்பப் பூட்டும்போது, தொட்டியைச் சுற்றுகிற வார், பெல்ற் என்பார்கள், அது அறுந்துவிட்டது. அதற்கு முன்பே அவளுடைய தையல் மெஷினும், சுவர் மணிக்கூடும், அவள் தகப்பன் வைத்திருந்த கிராமபோனும் கழற்றியபடி அலுமாரிக்கு மேல் இருந்தன என்பது வேறு கதை.

ஞானசவுந்தரி கத்தவில்லை. குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்சருங்கோ, நான் கோவத்தில சொல்லேல்லை. இவ்வளவு நாளும் உங்களோட இருந்தது காணும். மெஷினைப் பூட்டித் தந்திட்டு, உங்கட தங்கச்சி வீட்டை போய் இருங்கோ."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்குச் சீதனமாக வந்தது. போவதென்றால் ஆண்தான் வெளிக்கிட வேண்டும். ஆனால் அவள் என்ன சொன்னாள் என்பதைக் கவனியுங்கள். பூட்டித் தந்திட்டு என்றாள். பூட்டாமல் போனால் அவள் சொல்லை நான் மதிக்கவில்லை என்றாகிவிடும். ஆகவே சரியான பெல்ற் கிடைக்கும்வரை வீட்டில் இருந்து தேடுவதென்று முடிவு செய்தேன். வெளிநாட்டுச் சாமான் எதையும் நாட்டுக்குள் வரவிடாத காலம் அது. அவசரப்பட முடியாது.

பரமலிங்கத்தாரின் அரிசி மில்லில் ஒரு பெல்ற் எடுத்தேன். அரை அங்குலம் அகலம் கூடிவிட்டது. ஊர் பத்து நாள் உரலில் இடித்தது. கோயில் ஆர்மோனியத்தில் ஒரு தோல் வார் எடுத்தேன். அது நீளம் போதாது. அந்த வருடப் பெரிய வெள்ளிப் பாட்டெல்லாம் மூச்சு வாங்கியது, துக்கமான நாளுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. இதைக் களவு என்று எழுதவேண்டாம், ஐயா. ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை நாங்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அதேபோல் நானும் எதையும் வெறுமையாக விட்டு வரவில்லை. எடுத்த இடத்தில், சின்ன ஓலைப்பெட்டியில் வார்த்த ஒரு பனங்கட்டிக் குட்டான் வைத்தேன். கள்ளன் பனங்கட்டி வைப்பானா? எடுத்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் கொடுத்த பனங்கட்டியைத் திருப்பிக் கேட்கிறேன் என்று நினைத்துவிடுவார்களே.

ஒன்று மட்டும் பொருந்தியது. வேலணையில் பழைய இரும்புக் கடையில் காசு கொடுத்து வாங்கியது. ஞானசவுந்தரி பூசைக்குப் போயிருந்த நேரம் பூட்டி உதைத்தேன். அழகாக ஓடியது. உடனே நிறுத்தி, பெல்ற்றைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடலில் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே பொருந்துகிற சாமானை நம்பக்கூடாது.

மெஷின் சத்தம் கோயிலில் இருந்த அவளுக்கும் கேட்டிருக்கவேண்டும். அந்தக் கிழமைதான் சரியான பெல்ற் கேட்டு, தானே பிலிப்புவுக்குக் கடிதம் எழுதினாள்.

போன வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. சரியான பெல்ற், மெஷினோடு பிறந்த அதே அளவு, யாழ்ப்பாணத் தபாற்கந்தோரில் வந்து கிடக்கிறதாம். ஞானசவுந்தரி அன்று பின்னேரம் முழுதும் கிணற்றடியில் நின்று என்னுடைய சாரங்களைக் கையால் தோய்த்தாள். அவள் கை வெடிப்பில் சவுக்காரம் பட்டு எரிந்திருக்கும். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. இந்த வயதில் தங்கை வீட்டு விறாந்தையில் பாய் போட்டுப் படுக்க எனக்குப் பயம். அவள் இல்லாத வீட்டில் எப்படி விடியும் என்றே எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை லோஞ்சில் அவளோடு நானும் வெளிக்கிட்டேன். பார்சல் தூக்க என்றேன்.

"ஒரு பெல்ற்றைத் தூக்க ரெண்டு பேர் வேணுமே?" என்றாள்.

லோஞ்ச் போய்ச் சேர்கிற குறிகட்டுவானில் அவள் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினாள். நான் துறையில் நின்றுகொண்டேன்.

லோஞ்ச்காரன் இராயப்பு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தான். நான் எஞ்சின் மூடியைத் திறந்தேன். தண்ணீர்ப் பம்பைச் சுற்றும் பெல்ற்றைக் கழற்றி, சட்டைப் பையில் இருந்த நூலால் அளந்தேன். எங்கள் மெஷினின் அளவேதான், மயிரிழைகூடப் பிசகில்லை. பொருந்தியதால் கடலில் போட்டேன். பனங்கட்டிக் குட்டானை வைத்து மூடினேன். பெரிய பயணம் என்பதால் அன்று ஆறு குட்டான்.

பம்ப் சுற்றாவிட்டால் அரை மணித்தியாலத்தில் எஞ்சின் சூடேறி நிற்கும். லோஞ்சில் வேலை செய்த எனக்கு அது தெரியாது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தெரியும். அரை மணித்தியாலத்தில் லோஞ்ச் எங்கே நிற்கும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதும் தெரியும்.

மூன்றரைக்கு அவள் பார்சலோடு வந்தாள். ஏறச் சொன்னாள். எனக்குத் தலையிடி, நாளைக்கு வருகிறேன் என்றேன்.

"நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை. மெஷின் எங்கையும் ஓடாது," என்றாள்.

முப்பத்தொரு பேரும் இரண்டு ஆடும் ஏறினார்கள். நான் கை காட்டினேன். ஞானசவுந்தரி பார்சலை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

மிச்சத்தை இராயப்பு உங்களுக்குச் சொல்லியிருப்பான். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. மூடியைத் திறந்தார்கள். பெல்ற் இல்லை, பனங்கட்டி இருந்தது, கொஞ்சம் உருகியிருந்ததாம். முப்பது பேரும் ஞானசவுந்தரியைத் திரும்பிப் பார்த்தார்களாம். இராயப்பு அவளிடம் கெஞ்சினான்.

"அக்கா, அந்தப் பார்சலைத் தாங்கோ. அந்த அளவு பெல்ற்தான் இதுக்கும்."

"ஏலாது, தம்பி. நாலு வருசம் காத்திருந்தனான். இதைத் தந்தால் அந்த மனுசன் போகாது."

இரவு முழுக்க இந்தியாப் பக்கம் இழுபட்டார்கள். செபமாலை சொன்னார்கள், தேவாரம் பாடினார்கள், ஆடுகள் கத்தின. பசிக்கு என் பனங்கட்டியைத்தான் பங்கிட்டுத் தின்றார்கள். அது இல்லாவிட்டால் பிள்ளைகள் என்ன பாடு பட்டிருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. விடியப்புறம் ஒரு கைக்குழந்தை அழுத அழுகையில்தான் அவள் பார்சலை அவிழ்த்தாளாம். இராயப்பு பெல்ற்றைப் பூட்டினான். ஆறிய எஞ்சின் பிடித்தது.

அவர்களைக் கரையில் இறக்கிவிட்டு அவன் குறிகட்டுவானுக்கு வந்தான். ஏசவில்லை. "உம்மட பனங்கட்டி நல்லாத்தான் இருந்தது. ஏறும்," என்றான். நேரே உங்களிடம் கொண்டுவந்து விட்டான்.

ஆக, முப்பத்தொரு பேரைத் தெரிந்துகொண்டே கடலில் விட்டவன் நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் பெல்ற் இப்போது லோஞ்சில் ஓடுகிறது. மெஷின் இன்னும் பூட்டப்படவில்லை. அவள் வாயால் சொன்ன சொல்லின்படி, நான் வீட்டை விட்டுப் போகவேண்டிய நேரம் இன்னும் வரவில்லை.

அவளுக்கும் அது விளங்கியிருக்கிறது, ஐயா. மூலையில் இருக்கிற அந்தத் தகரப் பெட்டியைப் பாருங்கள், இன்று காலை இராயப்புவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். என் சாரங்கள், சட்டைகள், கலியாணத்துக்குப் போட்ட கோட், சவரக் கத்தி, செபமாலை, என் தகப்பனின் படம். எல்லாம் தோய்த்து, மடித்து, ஒன்றுகூட வீட்டில் விடாமல் அனுப்பியிருக்கிறாள். என்னில் அக்கறை இல்லாதவள் இவ்வளவும் செய்வாளா?